சாமியார் வீட்டு ஒழுக்கு

மந்தாரக்குப்பத்துப் பக்கம் இருக்கும் எங்கள் மாதா கோயில், சுரங்கக் கம்பெனியின் நகரியம் வருவதற்கு முன்பே கட்டியது. முழங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புச் சாந்துச் சுவர், வளைவு வளைவாகச் சன்னல்கள். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு சாமியார் வீடு. இரண்டுக்கும் ஒரே மொட்டை மாடி. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிப் போட்ட பழைய தளம். வெயில் காலத்தில் உள்ளே போனால் பானைத் தண்ணீர் மாதிரி குளிரும். மழைக் காலத்தில் பானை பானையாகத் தண்ணீரே இருக்கும், அதுதான் சங்கடம்.

ஐப்பசி முதல் மழைக்கே சாமியார் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. இன்னும் நாலு மழை இப்படி இறங்கினால் விட்டம் தாங்காது, வீட்டை இடிக்க வேண்டியதுதான் என்றார் குறிஞ்சிப்பாடிக் கொத்தனார். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவை கூடியது; நானும் அதில் ஓர் உறுப்பினர். கூடியவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்ததிலிருந்து கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள். குழாய் சொட்டினால் எழுதிக் கொடுப்பார்கள், ஆள் வரும். சொந்தமாக ஓர் ஆணி அடித்தறியாத கைகள்.

"சாமி, கம்ப்ளெய்ன்ட் குடுத்தாச்சுங்களா?" என்றார் செயலாளர்.

"யாருகிட்டங்க குடுக்கிறது? மாதாகிட்டயா?" என்றார் சாமியார்.

"அதில்ல சாமி, முறைப்படி ஒண்ணு எழுதி வெச்சிட்டா நல்லது."

இன்னொருவர் இது எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று விசாரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்று சொல்லிவிட்டேன்.

செயலாளர் முகம் சுருங்கியது. "கோயில்ல உக்காந்துகிட்டு வைகுண்டம்னு பேசுறீங்களேம்மா."

"எங்க போறதா இருந்தாலும் ஏணி வேணும்ங்க. முதல்ல அதக் கொண்டாங்க" என்றார் சாமியார்.

கொத்தனாரும் நானும் ஏறினோம். மாடி குளமாக நின்றது. தண்ணீர் வெளியேறும் ஓட்டையைத் தேடினால், அதற்குள் ஓர் இரும்புக் குழாய்; சுற்றிலும் சிமென்ட் பூச்சு. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டும் கம்பம்.

"ஓட்ட ரெடியா இருக்குதுன்னு சொருவிட்டாங்கம்மா" என்றார் கொத்தனார். "தண்ணி எங்க போவும்? சாமி தல மேலயே நின்னுகினு கீது."

இறங்கி வந்து சொன்னேன்.

"நான்தான் வெக்கச் சொன்னேன்" என்றார் செயலாளர். "அங்க வெச்சாதான் ரோட்டுலேர்ந்து தெரியும். கிறிஸ்துமஸ் முடியட்டும், எடுத்துடலாம்."

"அதுவரைக்கும் மழை லீவு போட்டிருக்கா?" என்றேன்.

சாமியார் கொத்தனாரைப் பார்த்து, "பேத்துடுங்க" என்றார்.

சிமென்ட் பெயர்ந்ததும் தேங்கியதெல்லாம் பாசியோடு இறங்கி ஓடியது. விட்டத்தைத் தட்டிப் பார்த்ததில் சுவருக்குள் போகும் முனை மட்டுமே உளுத்திருந்தது. அடியில் ஒரு மரத்தூண் முட்டுக் கொடுத்தால் போதும், இடிக்க வேண்டாம் என்றார் கொத்தனார். கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டுத் தூணை நிறுத்தினோம். சாமியார் அதில் ஓர் ஆணி அடித்துத் துண்டு மாட்டிக்கொண்டார். செயலாளர் இப்போது தூணுக்கு என்ன கலர் அடிப்பது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போடச் சொல்கிறார்.