முள் திரும்பிய பக்கம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பஸ்ஸில் அவள்தான் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்திலிருந்து வந்து பஸ் மாறுகிறவள், உள்ளூர்க்காரியான எனக்கு முன்பே வந்துவிடுவாள். இருவரும் கல்லூரியில் இயற்பியல் படித்தோம்.

செய்முறைத் தேர்வு நெருங்கியபோது, பஸ்ஸிலேயே வலது கை விரல்களை மடக்கிக் கட்டைவிரலை நீட்டிப் பார்த்துக்கொண்டு வருவாள். சுருளில் மின்சாரம் விரல்கள் மடங்கும் பக்கம் ஓடினால், கட்டைவிரல் காட்டும் முனை வடதுருவம். கண்டக்டர் பார்த்துவிட்டு, “என்னாம்மா, எறங்கணுமா?” என்றார்.

“இல்லீங்க, படிச்சிக்கினு இருக்கேன்.”

தேர்வன்று, காந்தத்தின் வடதுருவத்தைச் சுருளுக்குள் நுழைத்தால் மின்சாரம் ஓடும் திசையைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் எந்தப் பக்கம் திரும்பும் என்று தேர்வாளர் அவளைக் கேட்டார். நுழையும் காந்தத்தை எதிர்க்கும் விதமாகத்தான் சுருளில் மின்சாரம் பிறக்கும். கம்பி எப்படிச் சுற்றியிருக்கிறது என்பதைச் சுருள்மேல் ஒட்டியிருந்த படத்தில் பார்த்து, “வலது பக்கம் சார்” என்றாள். காந்தத்தை நுழைத்தாள். முள் இடது பக்கம் போனது.

“தப்பாச்சேம்மா” என்றார் அவர். அடுத்த மேசையில் நின்ற நான் என் சோதனையை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன்.

அவள் இணைப்புகளை நிதானமாகத் தொட்டுப் பார்த்தாள். “ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. படத்துல இருக்கிற மாதிரி கம்பி சுத்தலைன்னு நெனைக்கிறேன். ஒரு பேட்டரி குடுங்க சார், பாத்துட்றேன்.”

கால்வனாமீட்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியை இணைத்தாள். சுருளின் வாயருகே திசைகாட்டியை வைத்தாள். படத்தின்படி கம்பி சுற்றியிருந்தால் அந்த முனை வடதுருவம். திசைகாட்டியின் வடமுனையைத் தள்ளியிருக்க வேண்டும். அதுவோ இழுத்துக்கொண்டது.

தேர்வாளர் குனிந்து, தானும் ஒருமுறை சோதித்தார். “படத்தைத்தான் மாத்தி ஒட்டிட்டாங்க. நீ சொன்னது சரிதாம்மா.”

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, அவித்தது வாங்கினோம். தேர்வில் அத்தனை நிதானமாக இருந்தவளுக்கு இப்போது ஒன்றைக்கூட உரிக்க வரவில்லை. “பெயிலாக்கிடுவாருன்னு பயந்துகினுதான் பேசினேன்டி” என்று சிரித்தாள். கண்ணிலும் நீர் வந்துவிட்டது. நான் உரித்து உரித்து அவளிடம் கொடுத்தேன்.

இப்போது அவள் வல்லம் பக்கத்துப் பள்ளியொன்றில் இயற்பியல் டீச்சர். பேத்தி பிறந்த சேதியைச் சொல்ல நேற்று போன் செய்தாள். வெகுநேரம் பேசினோம், பாதிக்கு மேல் அந்த பஸ்ஸைப் பற்றித்தான்.