ஜேசுரட்ணம் போய்ச் சொல்லாத வீடுகள்

ஜேசுரட்ணம் பணத்துக்காகத்தான் பான் நகரத்துக்குப் போனார் என்று ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் பலர் சொன்னார்கள். தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னார்கள், பிறந்தநாள் விழாக்களில் ரோல்ஸ் கடித்துக்கொண்டே சொன்னார்கள். ஊர் வாய்க்கு ஒரு காரணம் போதும், இரண்டாவதைக் கொடுத்தால் செரிக்காது. சம்பளம் கூடத்தான், அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அவர் போனதற்கான காரணங்களைச் சொல்ல வேண்டுமென்றால், விளையாட்டு மண்டபத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு மாவட்டத்துக்கும் கூடைப்பந்து ஆடியவர். எண்பதுகளில் அகதியாக ஜேர்மனிக்கு வந்து, கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தார். வார இறுதிகளில் படித்துப் பயிற்றுநர் சான்றிதழ் எடுத்தார். எடுத்து என்ன, வாழ்ந்த ஊர் உதைபந்தாட்டத்தின் ஊர். அங்கே கூடைப்பந்துக் கழகம் நடத்துவதும் மீன் சந்தையில் பூக்கடை போடுவதும் ஒன்றுதான்.

கழகத்துக்குச் சொந்த மண்டபம் இல்லை. பள்ளிக்கூட மண்டபத்தை மாநகரசபை மணிக்கணக்கில் பிரித்துக் கொடுக்கும். முதுகுவலிக்கு உடற்பயிற்சி செய்யும் பெண்கள் போன பிறகுதான் இவருடைய பிள்ளைகள் உள்ளே போகலாம். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் மண்டபக் காவலர் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார், அதற்கு ‘வீட்டுக்குப் போங்கள்’ என்று பொருள். பள்ளி விடுமுறை விட்டால் மண்டபமும் பூட்டு. அணியின் சட்டைகளை அவருடைய மனைவி வயலற் தோய்த்தாள். பந்துகள் வழுக்கை விழுந்து கிடந்தன. இரவு ஷிப்ட் முடித்த கண்ணோடு ஒரு மனிதன் எத்தனை வருடம் இதற்குள் மாரடிப்பான்? தனக்குத் தெரிந்த வேலையை ஒருமுறையாவது முழுதாகச் செய்துபார்க்க ஆசைப்படுவதைப் பேராசை என்கிறவர்கள் வந்து அந்தப் பந்துகளைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அவர் அங்கே ஒரு நல்ல அணியை உண்டாக்கியிருந்தார். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி. அதில் பாதிப்பேர் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது சும்மா நடந்த காரியம் இல்லை. வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்துக் கேட்டார். கடைசியாகச் சம்மதித்தவர் சிவகுருநாதன். உணவகச் சமையலறையில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர், ஒரே மகள் சாரங்கா.

“அவள் இப்ப பெரியபிள்ளை, ஜேசு அண்ணை. அரைக்காற்சட்டையோட நாலு பேருக்கு முன்னால ஓட விடேலாது” என்றார் சிவகுருநாதன்.

“உள்ளுக்கு நீளமாப் போட்டு ஆடலாம். நான் வீட்டு வாசல்ல வந்து ஏத்திக்கொண்டு போய், வீட்டு வாசல்லயே கொண்டுவந்து விடுறன்.”

“நீங்கள் நிப்பியள்தானே?”

“ஓம், நிப்பன்.”

எல்லா வீடுகளிலும் பேச்சு இப்படித்தான் முடிந்தது. பிள்ளைகளைக் கழகத்தில் யாரும் சேர்க்கவில்லை, ஜேசு அண்ணையிடம் விட்டார்கள். கழகத்துப் பத்திரங்களை அவரே நிரப்பினார், அவர் விரல் வைத்த இடத்தில் தகப்பன்மார் கையெழுத்துப் போட்டார்கள். ஜேர்மன் மொழியில் பேச வேண்டி வருமே என்று கூசுகிறவர்களை ஏன் கூட்டங்களுக்கு இழுக்க வேண்டும் என்று, பெற்றோர் கூட்டங்களிலும் அவர்களுக்காக அவரே பேசினார். கழகத் தலைவரின் முகம்கூட அந்தத் தகப்பன்மாருக்குத் தெரியாது. அப்போது இது பெரிய உதவியாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

சாரங்கா அணியில் பந்தை நடத்திப் போகும் பிள்ளையானாள். வீட்டில் வாய் திறக்காதவள் மண்டபத்துக்குள் நுழைந்தால் மற்றவர்களை அதட்டி நிறுத்துவாள். அடுத்த வருடம் மாநிலத் தெரிவு அணிக்கு அவளை நிச்சயம் எடுப்பார்கள் என்று ஜேசுரட்ணம் நம்பினார். அதைத் தகப்பனிடமும் சொல்லி வைத்திருந்தார். சிவகுருநாதன் சிரித்த முகத்தை அன்றுதான் அவர் முதன்முதலில் கண்டார்.

2007ஆம் ஆண்டு வசந்தத்தில் பானிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே வசதியானவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கழகம், இவருடைய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை இரண்டு முறை தோற்கடித்ததைப் பார்த்துவிட்டு, தோற்கடித்தவரையே வாங்கிவிடுவது என்று முடிவெடுத்திருந்தது. பணக்காரர்களுக்கு அந்த யோசனை சட்டென்று வரும். முழுநேர வேலை, உதவிப் பயிற்றுநர், மூட்டுப் பிடித்துவிட ஒரு பெண், வெளியூர் போக பஸ். மரத்தரை போட்ட மண்டபத்தைச் சுற்றிக் காட்டியவர், போகும்போது திறப்பை அவர் கையில் கொடுத்து, விரும்பினால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பூட்டுங்கள் என்றார். ஜேசுரட்ணம் தனியாக நின்று பந்து போட்டார். நாற்பத்தாறு வயதில், விளக்கை அணைக்க ஆளில்லாத ஒரு மண்டபத்தில் நின்றபோது அவருக்கு அழுகை வந்தது. அங்கேயே அவர் மனம் சாய்ந்துவிட்டது.

“போங்கோ. இனியாவது இரவில நித்திரை கொள்ளுவியள். ஆனா பெட்டையளின்ர வீடுகளுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ. வேற ஆக்கள் சொல்லி அதுகள் கேள்விப்படக் கூடாது” என்றாள் வயலற்.

“ஓம், போறன்.”

போகவில்லை. இந்தக் கிழமை ஷிப்ட், அடுத்த கிழமை கேவலார் மாதா திருவிழா, அதற்கடுத்த கிழமை வீடு மாறப் பெட்டி கட்ட வேண்டும் என்று சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார். சிவகுருநாதன் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று பயந்தார். நிற்கச் சொல்லிக் கேட்டால் நின்றுவிடுவோம் என்றும் பயந்தார். அந்தப் பயத்துக்கு அவர் ஒரு நியாயமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். தன் இடத்துக்கு ஹைக்கே என்ற விளையாட்டுத்துறை மாணவியைத் தேடிப் பிடித்திருந்தார். தன்னைவிடப் படித்தவள், கெட்டிக்காரி, அதிலும் பெண். தகப்பன்மாருக்கு இதைவிட என்ன நிம்மதி வேண்டும், தானாகவே சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். கோடை விடுமுறைக்கு முந்திய கடைசிப் பயிற்சியில் பிள்ளைகளிடம் சொன்னார். எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, வீட்டிலும் சொல்லிவிடுங்கோ என்றார். சாரங்காவின் ஐஸ்கிரீம் உருகிக் கையில் வழிந்தது. அவர் காருக்குப் போய் டிஷ்யூ எடுத்து வந்தார்.

பானில் எல்லாம் சொன்னபடியே இருந்தது. நன்றாக நித்திரை கொண்டார், முழங்கால் வலி குறைந்தது, புதிய பிள்ளைகள் சொன்னதைக் கேட்டார்கள். பழைய அணியும் அதே லீக்கில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஹைக்கே ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, தமிழ்ப் பிள்ளைகள் குறைகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டாள். கொஞ்சம் பொறுங்கள், திரும்பி வருவார்கள் என்றார். அப்போதும் அவர் ஒரு வீட்டுக்கும் பேசவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பான் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அந்தப் பழைய மண்டபத்துக்கே ஆட்டத்துக்கு வந்தார். எல்லோருக்கும் கொடுக்க ஒரு பெட்டி சொக்லேட்டும் வாங்கி வந்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் ஒரு துருக்கிப் பிள்ளை, ஒரு போலந்துப் பிள்ளை, இரண்டு ஜேர்மன் பிள்ளைகள் நின்றார்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஒருவருமில்லை. இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள் ஹைக்கே. ஐந்து பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்க முடியாது. நடுவர்கள் விதிப்படி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ஆடாமல் கைவிட்ட ஆட்டத்துக்கு வழக்கமாக எழுதுகிறபடி இருபதுக்குப் பூச்சியம் என்று எழுதினார்கள். பான் பிள்ளைகளுக்கு வெற்றி. அவர்கள் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவரைப் பார்த்தார்கள்.

பிள்ளைகளை உதவிப் பயிற்றுநரோடு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, தான் ரயிலில் வருவதாகச் சொல்லி நேரே சிவகுருநாதன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் சிவகுருநாதன்தான். “வாங்கோ, இருங்கோ” என்றார். கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால் ஜேசுரட்ணத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். சாரங்கா தேத்தண்ணி கொண்டுவந்து, விருந்தாளிக்கு வைப்பதுபோலத் தட்டோடு வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வளர்ந்திருந்தாள்.

“பிள்ளையை ஏன் மறிச்சனீங்கள்? ஹைக்கே நல்ல பிள்ளை.”

“நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். எனக்கு அதைத் தெரியாதே. ஒருநாள் வந்தவ, நான் சொன்னது அவவுக்கு விளங்கேல்ல, அவ சொன்னது எனக்கு விளங்கேல்ல. நாங்கள் பிள்ளையை உங்களட்டைத்தானே விட்டனாங்கள்.”

“அது என்ர பிழைதான். நான் வந்து சொல்லியிருக்க வேணும்.”

“போக முன்னம் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து, ‘இனி இவதான்’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும், அண்ணை. விட்டிருப்பன். நீங்கள் போனதில எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆரும் நல்ல இடத்துக்குத்தானே போகப் பாப்பினம்.”

ஜேசுரட்ணம் தேத்தண்ணியைத் திரும்பத் தட்டில் வைத்தார். எல்லாவற்றையும் அவர் கணக்குப் பார்த்திருந்தார், மண்டபம், சம்பளம், முழங்கால், தனக்குப் பிறகு வருபவளின் படிப்பு எல்லாவற்றையும். பத்து நிமிடம் இந்தச் சோபாவில் வந்து இருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு விலை கொடுத்தது அவரில்லை. மாநிலத் தெரிவு கார்த்திகையிலேயே முடிந்துவிட்டிருந்தது.

“இப்ப நானே ஹைக்கேயைக் கூட்டிக்கொண்டு வந்தா?” என்று கேட்டார்.

“அவள் இப்ப சனிக்கிழமையில பேக்கரியில நிக்கிறாள், இண்டைக்கும் இப்பத்தான் வந்தவள். வாற வருசம் அங்கயே வேலை பழகிற Ausbildung தாறம் எண்டிருக்கினம். சொல்லும் குடுத்திட்டம்” என்றார் சிவகுருநாதன்.

எழுந்தார். சாரங்கா வாசல்வரை வந்தாள்.

“இண்டைக்கு ஆர் மாமா வெண்டது?”

“நாங்கள்தான். இருபதுக்குப் பூச்சியம்.”

அது என்ன கணக்கென்று அவளுக்குத் தெரியும்.

“எத்தினை பேர் வந்தவை?”

“நாலு பேர்” என்றார் ஜேசுரட்ணம்.