மச்சான் கலந்த பட்டி

என் அக்காவிடம் ஜாக்கெட் துணி வெட்டுவதற்கென்று ஒரு கத்தரிக்கோல் இருந்தது. கருப்புக் கைப்பிடி, நல்ல கூர். அதை மச்சான் பட்டறைக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி நார் வெட்டத் தொடங்கிய நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. வெள்ளைப் பாய்போல் சுருட்டி வரும் அந்த நாரை அவர் பொடிப்பொடியாக நறுக்கினார். கத்தரிக்கோல் சீக்கிரமே மழுங்கிப் போனது. நிறைமாத வயிற்றோடு நின்று அக்கா சண்டை பிடித்தாள். வேறு வாங்கித் தருவதாகச் சொல்லிச் சிரித்தார். வாங்கித் தரவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு கத்தரிக்கோலைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

எழுபதுகளின் கடைசியில், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில், பஸ் போகும் சாலையோரத்தில் மச்சானின் பட்டறை இருந்தது. அடிபட்ட காரின் ஒடுக்கை எடுப்பது அவர் வேலை, பெயிண்ட் அடிப்பது என் வேலை. ஒடுக்கு எடுத்த பிறகும் மிஞ்சும் பள்ளத்தை ஒரு மாவைப் பூசி நிரப்பித் தேய்ப்போம். அதற்குத்தான் பட்டி என்று பெயர். அக்கா புருஷன் என்பதற்காகப் புகழவில்லை. அவர் தேய்த்து முடித்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் அடிபட்டது எங்கே என்று எனக்கே தெரியாது. என் பெயிண்டுக்கு ஊரில் பெயர் கிடைத்ததில் பாதி அவருடைய தயவு.

அப்போது பாலக்காட்டு ராவுத்தர் ஒருவர் கண்ணாடி நாரில் செய்த சின்ன மூன்று சக்கரக் கார் வாங்கியிருந்தார். ஏலக்காய் வியாபாரி. அந்த வண்டி முக்கி முனகி ஏலமலையில் உடும்பஞ்சோலை வரை ஏறும். யாரோ மாட்டு வண்டிக்காரன் இடித்ததில் கதவுக் கீல் பக்கம் பிளந்துபோய்ப் பட்டறைக்கு வந்தது. தகரத்துக்குப் போடும் எண்ணெய்ப் பட்டியை மச்சான் முதலில் பூசிப் பார்த்தார். காய்ந்ததும் அப்பளம்போல் பெயர்ந்து கையோடு வந்தது. அடுத்து கோயம்புத்தூரிலிருந்து பிசின் பட்டி வாங்கி வந்தோம். வெண்ணெய்போல் வழுவழுப்பு. அதன்மேல் நான் அடித்த பெயிண்டில் முகம் தெரிந்தது. ஆனால் ராவுத்தர் ஒரே ஒரு தடவை மலை ஏறி இறங்கியதும் வண்டி திரும்பி வந்துவிட்டது. வளைவில் கீல் பக்கம் படீரென்று விட்டுப்போக, அவருடைய மனைவி மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடியே மலை இறங்கியிருக்கிறார். ராவுத்தர் கோபப்படவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். மச்சான் அன்று முழுதும் விட்டுப்போன கீலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: “தகரம் அடி வாங்குனா ஒடுங்கும். இது வளைஞ்சு குடுத்துட்டு அப்பறம் வெடிக்கும். உள்ளாற எலும்பு வேணும் மாப்ள.”

அந்த எலும்புதான் கத்தரிக்கோலில் நறுக்கிய நார். அதைப் பிசினில் குழைத்து அவரே ஒரு பட்டி செய்தார். பார்க்க அசிங்கமாக, முள்ளும் முடியுமாக இருக்கும். தேய்ப்பதற்குள் உயிர் போய்விடும். ஆனால் நின்றது. ஃபைபர் வேலையா, சித்தூருக்குப் போ என்று சொல்லும் அளவுக்கு நின்றது. தேய்க்கும்போது பறக்கும் தூள்தான் சனியன். எங்கள் ஊர்க் காற்று வாளையாற்றுப் பக்கமிருந்து ஊதித் தள்ள, அந்தத் தூள் அவர் மேலெல்லாம் படியும். உடம்பு அரிக்கும். குரங்கு தோற்றது போங்கள் என்று நான் கேலி செய்வேன். அவர் ஆற்றுக்குப் போய்ப் புழையில் முங்கிக் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். கழற்றிய வேட்டியும் சுருட்டின வாக்கில் அவரோடு வீட்டுக்கு வெளுக்கப் போகும்.

எங்கள் அம்மா தவறிவிட்டதால் அக்காவுக்குப் பிரசவம் புருஷன் வீட்டிலேயே நடந்தது. பெண் குழந்தை. பார்த்துக்கொள்ள மச்சானின் அக்கா கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து இறங்கினார். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, அப்பன் கட்டிப் பழகி நைந்த வேட்டிதான் மெத்தென்று இருக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சானின் வேட்டிகளைச் சோடா போட்டு அவித்து, வெளுத்து, கிழித்துக் குழந்தைக்கு விரிக்கவும் போர்த்தவும் அந்த அம்மாள் அடுக்கி வைத்தார். கொஞ்ச நாளில் குழந்தையின் முதுகும் கன்னமும் சிவந்து தடித்தன. பிள்ளை ஓயாமல் வீறிட்டது. மச்சானின் அக்கா ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்: “உன்ற பாலு ஆகலீ அம்மிணி. சூடு புடிச்ச பாலு.”

புளி நின்றது, காரம் நின்றது, பருப்பும் நின்றது. கஞ்சியும் சுட்ட பூண்டும்தான் அக்காவுக்குச் சாப்பாடு. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சிவப்பு கூடக்கூட, இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று மச்சானின் வேறொரு வேட்டியைக் கிழித்தார்கள். அக்கா துரும்பாக இளைத்தாள். ஒரு நாள் பால் சுத்தமாக வற்றிப்போனது. பசும்பால் கொடுத்தார்கள். அப்போதும் பிள்ளை அழுதது. எனக்கு அந்த அம்மாள்மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுதாகத் தணியவில்லை. அவரும் குழந்தை நன்றாக இருக்கத்தான் இவ்வளவும் செய்தார் என்று புத்திக்குத் தெரிகிறது.

கண்டுபிடித்தது அக்காதான். உச்சி வெயிலில் கொடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது அதில் ஏதோ மினுங்குவதைப் பார்த்திருக்கிறாள். தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மச்சானும் நானும் போனபோது, இலை போடாமல் அந்தத் துணியை அவர் முன்னால் வைத்தாள். கன்னம் சிவந்திருந்தது. குரல் உயரவில்லை.

“என்ற பால்ல ஒண்ணுமில்லீங்க. உங்க வேட்டியிலதானுங்க இருக்குது.”

மச்சான் துணியை முழங்கையின் உட்பக்கம் உரசிப் பார்த்தார். பட்டறையில் அரிக்கும் அதே நார்த் தூள். பிறகு எழுந்து, சாப்பிடாமல் பட்டறைக்கே திரும்பிவிட்டார். பழைய வழுவழுப் பட்டிக்கே போய்விடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். ராவுத்தரின் வண்டி கதவைக் கழற்றி மறுபடி அங்கேதான் நின்றது, இந்தத் தடவை மறுபக்கக் கீல்.

“அந்தப் பொம்பள மடியிலயும் ஒரு கொழந்த இருந்துது மாப்ள” என்றார்.

அதோடு அவர் வீட்டில் தூங்குவதை விட்டார். பட்டறையிலேயே ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டார், சாப்பாடு நான் கொண்டுபோவேன். அக்காவின் பழைய சேலைகளுக்கு மாறியதும் குழந்தையின் தோல் தெளிந்தது, சிரிக்கவும் ஆரம்பித்தது. பால் மட்டும் திரும்பவில்லை. வாருங்கள், குளித்துவிட்டு வந்து தூக்குங்கள் என்று அக்கா எத்தனையோ முறை சொல்லியனுப்பினாள். வருவார். வாசலில் நின்று பார்ப்பார், போய்விடுவார். புழையில் எவ்வளவு நேரம் முங்கினாலும் தன் கையை அவர் நம்பவில்லை. இன்றைக்கு நார் கலந்த பட்டி டப்பாவிலேயே கிடைக்கிறது. முகமூடி போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கே இப்போது பேரன் இருக்கிறான். அப்பா கொஞ்சம் கல்மனசு, தொட்டுப் பேசமாட்டார் என்று அவள் சொல்வாள்.

அவள் நடக்கப் பழகிய புதிதில் ஒரு காலை அக்கா அவளைப் பட்டறைக்குக் கூட்டிவந்தாள். மச்சான் அப்போதுதான் தேய்த்து நிமிர்ந்திருந்தார். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். குழந்தை அக்காவின் கையை உதறிவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி அவரிடம் போனது. அவர் சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அது இன்னும் கிட்டே போனது. அவர் காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு, “புடிச்சுக்க மாப்ள, புள்ளயப் புடிச்சுக்க” என்றார். நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். குழந்தை என் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதும் மச்சான் கையை இறக்கவில்லை.