முழங்காலில் காய்ப்பு

நான் கொழுப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து செம்பாக்கத்தில் எனக்கு நிம்மதி கிடையாது. ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போனால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். "மேடம், செக்கு எண்ணெய் நல்லதுன்றாங்கோ, நெசமா? இன்னாதான் வாங்கறது?" என்பார் எங்கள் வீட்டு ஓனர். நான் எண்ணெய்க் கடை வைக்கவில்லை சார் என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

என் வேலை, தட்டுகளில் செல்களை வளர்த்து அவை கொழுப்பை எப்படி உள்ளே எடுத்துக்கொள்கின்றன என்று பார்ப்பது. ஒவ்வொரு செல்லுக்கும் அதற்கென்று வாசல்கள் உண்டு, பாதி தகப்பன் வழியில் வருவது, பாதி தாய் வழியில் வருவது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாசல்களில் பாதி இருக்காது. போக வழியில்லாத கொழுப்பு இரத்தத்திலேயே சுற்றும், குழாய்ச் சுவரில் படியும், நாள்பட்டால் தோலுக்கு அடியிலும் தசைநாரிலும் கட்டிகட்டியாய்ச் சேரும். பட்டினி கிடந்தாலும் சேரும். அந்தக் கட்டிகளை நான் படங்களில்தான் பார்த்திருந்தேன்.

போன வருடம் என் தம்பி மஸ்கட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு பிடித்தான். அம்மாவும் அவனோடு போய்விட்டார். ஞாயிறு சாயங்காலம் அங்கே குடும்ப ஜெபம். வராவிட்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆளுக்கொரு நாற்காலியைப் பார்த்து முழங்கால்படியிட்டு, அதில் முகம் புதைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் உள்ளங்கால்தான் தரிசனம். ஜெபத்தில் கண்ணை மூடாதது சின்ன வயதிலிருந்தே என் கெட்ட பழக்கம். ஒரு ஞாயிறன்றும் அப்படித்தான் மூடவில்லை. தம்பியின் குதிகாலுக்கு மேலே ஓடும் தசைநார், கயிறு போல இருக்க வேண்டியது, முடிச்சு முடிச்சாய்த் தடித்துக் கிடந்தது.

"தகப்பனுக்குக் கொடுத்த ஜெப ஆவியை மகனுக்கும் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்று அம்மா கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கும் முழங்காலில், கைவிரல் முட்டியில், குதிகாலில் காய்ப்புகள் இருந்தன. ஜெபித்து ஜெபித்துக் காய்த்தது என்று சபையே சொல்லும். எங்கள் வீட்டில் அது பெருமை. நான் பள்ளியில் படிக்கும்போது, ஷேவ் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அவருடைய தங்கை, எங்கள் அத்தை, சில வருடம் கழித்துக் கத்திரிக்காய் நறுக்கும்போது போனார். கர்த்தர் படுக்கையில் போடாமல் எடுத்துக்கொண்டார் என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வோம். அந்த அத்தையின் மகளைத்தான் தம்பிக்குக் கட்டிவைத்தோம். ஜெபக் குடும்பத்துப் பெண் வெளியே போய்விடக் கூடாதாம்.

ஆமென் சொன்னதும், "டேய், காலைக் காட்டு" என்றேன். கைவிரல் முட்டியிலும் அதே தடிப்பு.

"என்னக்கா, முழங்கால் போட்டா காய்க்காதா?"

"முழங்கால் போட்டா முழங்கால் காய்க்கும். குதிகால் நரம்பு எதுக்குடா காய்க்குது? கைமுட்டி எதுக்குக் காய்க்குது? கையாலயா நடந்து போறே? இது காய்ப்பு இல்லடா, கொழுப்பு" என்று விளக்கினேன். விளக்கினேனா, கத்தினேன்.

"எனக்கு ஏதுக்கா கொழுப்பு? என்னைப் பாரு, ஒட்டடைக்குச்சி. நம்ம வீட்டுக் கொழுப்பெல்லாம் உன் வாயிலதான் கீது" என்று கிண்டலுக்கு மெட்ராஸ் பாஷையில் இழுத்தான். அவன் மனைவி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"உங்கப்பா ஜெபம் பண்ணதை வியாதிங்கிறியா?"

"ஆமாம்மா. அதுதான் அவரைக் கொண்டுபோச்சு."

அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கும் கோபம். செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா செத்த வயசு உனக்கும் கிட்ட வந்துடுச்சு, ஞாபகம் வச்சுக்கோ" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லக் கூடாத சொல்தான். ஆனால் அந்தச் சொல்தான் அவனை இரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனது.

முடிவைப் போனில் அனுப்பினான். பார்த்ததும் ஆய்வகத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை அதிகமாக நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் இதயத்தைப் பரிசோதித்து, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை கொழுப்பைக் கரைப்பதில்லை. மிச்சம் இருக்கிற வாசல்களை இன்னும் அதிகமாகத் திறக்கவைக்கும். பாதி இருந்தாலும் போதும், பிழைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் வெட்கமில்லாமல் அழுதேன். சந்தோஷம்தான்.

அடுத்த ஞாயிறு போனபோது பைபிளுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை இருந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. சமாதானம் பண்ண வந்தவள் தம்பி மனைவிதான்.

"விடுங்க மாமி, அண்ணி சொன்னது சரியாப் போச்சு இல்ல? ஆனா அண்ணி, எல்லாத்தையும் வியாதின்னு சொல்லிடாதீங்க. இங்க பாருங்க" என்று மகளை இழுத்து என் முன்னால் நிறுத்தினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. "இது தினமும் தாத்தா மாதிரி முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுது. இப்பவே எப்படிக் காய்ச்சிருக்கு பாருங்க!"

பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கினாள். இரண்டு முட்டியிலும் மஞ்சளாய், ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில், கொத்துக் கொத்தாய். முழங்கைகளைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும்.

பாதி வாசல் இல்லாத என் தம்பிக்கே இது வெளியே தெரிய இத்தனை வருடம் பிடித்தது. இந்த வயதிலேயே தெரிகிறதென்றால் இவளுக்கு மற்றப் பாதியும் இல்லை. ஒன்று எங்கள் அப்பாவிடமிருந்து தம்பி வழியாக. இன்னொன்று எங்கள் அத்தையிடமிருந்து அவர் மகள் வழியாக. சிரித்துக்கொண்டு நிற்கிற இவளுடைய அம்மாவுக்கும் இருக்கிறது. நாங்கள்தான் ஊரைக் கூட்டி, பந்தல் போட்டுச் சேர்த்துவைத்தோம். மாத்திரை எந்த வாசலைத் திறக்கும்?

அம்மா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

குழந்தை என் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க அத்தை, வலிக்கவே வலிக்காது. ஓடினாத்தான் வலிக்கும்" என்றவள், என் கையைத் தூக்கி நெஞ்சின் நடுவில் வைத்தாள். "இங்க."