கறுப்பு லேப்டாப், சாம்பல் லேப்டாப்

காஜிமார் தெருவில் சேக் இஸ்மாயில் என்பவரைப் பகல் நேரத்தில் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதிதான் வரும். கோபம் முழுதாக வரும். அவருக்கு ஒரே மகள் ஷாஹீதா. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி.

ஷாஹீதா பி.காம். படித்துவிட்டு, தெற்குவாசல் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்தவள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மதுரையில் எந்தத் தெருவில் பேனர் தொங்கினாலும் அதில் நாலில் ஒன்று அவள் கைவேலையாக இருக்கும் என்பார்கள். முப்பது பேர் முகத்தை வெட்டி ஒட்டி, எல்லோரையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தாய்மாமனை மட்டும் கொஞ்சம் பெரிதாக வைக்க வேண்டும். தாய்மாமன் சிறியதாகிவிட்டால் விசேஷ வீட்டில் சண்டை வரும். அதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கடைக்காரர் பெயர் மருது. பேனர் அச்சிடும் மெஷினையும் அவரே ஓட்டுவார். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா படுத்த பிறகு ஷாஹீதாவால் கடைக்குப் போக முடியவில்லை. மருது தன்னிடமிருந்த பழைய கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார். "வீட்ல இருந்தே செஞ்சு அனுப்பு தாயி" என்றார். அது அத்தாவின் கட்டிலுக்குக் கால்மாட்டில் ஒரு மேசையில் இருந்தது. ஒரு பக்கம் பேனர், ஒரு பக்கம் கஞ்சி. இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கணவன் சாஜித் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். வீடியோவில் கூப்பிட்டால் இருவருக்கும் பேச்சே வராது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "அத்தா எப்படி?" "அப்படியேதான்." அதோடு முடிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் கம்ப்யூட்டரில் ஒரு சண்டை விளையாட்டு ஆடுவார்கள். அணியாக ஒரு தீவில் குதித்து, எதிரிகளைத் தேடித் தேடிச் சுட வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். முதல் தடவை, "டேய், பின்னாடி பாருடா, செவுத்துக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கிறான்!" என்று அவள் கத்தியதைக் கேட்டு வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். மற்ற நேரமெல்லாம் அவனை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாள். சுட்டுக்கொண்டே வாடகை, அத்தாவின் மருந்து, குழந்தை இல்லையே என்ற கவலை எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். அதனால் விளையாட்டு என்று நான் அதை லேசாக நினைப்பதில்லை.

பேனர் வேலை சீசனுக்குத்தான் வரும். நிலையான வேலை வேண்டுமென்று திருமங்கலத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கிளமெண்ட் என்பவரிடம் கேட்டிருந்தாள். முதலில் ஒரு நிக்காஹ் பத்திரிகை கொடுத்தார். ஓரத்தில் கரும்பச்சை கேட்டிருந்தார்கள். அச்சாகி வந்தபோது அது கிளியைப் பிடித்து ஒட்டியது போல இருந்தது. பெண் வீட்டார் வாங்க மறுத்துவிட்டார்கள். "எழுத்தெல்லாம் லட்சணமாத்தான் இருக்கு. ஆனா ஒனக்குக் கலர் கண்ணு இல்லம்மா" என்றார் கிளமெண்ட். அந்த வார்த்தை அவளை ரொம்ப நாள் அரித்தது. இருந்தாலும் நல்ல மனிதர், இன்னொரு பத்திரிகை கொடுத்தார். இதுவும் கெட்டால் இனி இல்லை என்பதையும் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மழைநாளில் மின்சாரம் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டர் புகைந்து போனது. மருது, "இனிமே எதுக்கு வீட்ல கெடந்து கஷ்டப்படுற? கடைக்கே வந்துரு. சீட்டு காலியா இருக்கு. வர்ற வாரத்துக்குள்ள சொல்லு, இல்லைனா வேற ஆளப் போடணும்" என்றார்.

கடைக்குப் போனால் சீசனில் இரவு வெகுநேரமாகிவிடும். அத்தாவைக் காப்பகத்தில்தான் விட வேண்டும். காப்பகங்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மனிதர் மகள் கையால் கொடுத்தால்தான் வாயைத் திறப்பார். என்னிடமே துப்பிவிடுவார். காப்பகத்தில் கொண்டுபோய் விட்டால் மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும், அதை அவர் இடது கையால் பிடுங்குவார், பிறகு கையைக் கட்டிப்போடுவார்கள். இதை நான் ஷாஹீதாவிடம் மறைக்கவில்லை. ஆகவே கிளமெண்டின் வேலை அவளுக்குக் கிடைத்தாக வேண்டும். அதற்கு ஒரு லேப்டாப் வேண்டும். கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும்.

சாஜித் நெட்டில் தேடி இரண்டைக் குறித்து அனுப்பினான். விலை ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்து வீட்டு மைதீன் பீவியை அத்தாவிடம் உட்காரவைத்துவிட்டு டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். என்னை அழைத்துப் போனது சத்தத்துக்காக. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்ததிலிருந்து மெஷின் இரைச்சல் கேட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் சட்டைப் பொத்தானைப் பிய்ப்பார். "எந்தச் சத்தம் அத்தாவுக்கு ஆகும், ஆகாதுன்னு நீங்கதான் சொல்லணும் மேரிம்மா" என்றாள்.

கடையில் விற்பனையைப் பார்ப்பவர் சத்தியசீலன், ஐம்பது வயதிருக்கும்.

"கேமும் ஆடணும், டிசைனும் பண்ணணும்ணே" என்றாள் ஷாஹீதா.

"ரெண்டுல எது முக்கியம் மேடம்?"

"டிசைன் சோறு போடுது. கேம்லதான் எங்க வீட்டுக்காரரோட பேசுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டையும் எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு. உள்ளே பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, விளையாட்டு பறக்கும். ஆனால் திரை சுமார் ரகம் என்று அவரே சொன்னார். இன்னொன்று சாம்பல் நிறம். கார்டு சின்னது, விளையாட்டு ஓடும், பறக்காது. திரைதான் அதன் விசேஷம், நிறத்தை உள்ளபடி காட்டும் என்றார்.

கடை முழுக்கப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் எந்த மெஷினின் சத்தமும் கேட்கவில்லை. பின்னால் சரக்கு அறைக்குக் கொண்டுபோய் விளையாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். கறுப்பு சீக்கிரமே சளி உறிஞ்சும் மெஷின் போல அலறியது. ஆகாது என்றேன். சத்தியசீலன் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது, விளையாட்டும் நன்றாகவே ஓடியது. அது ஆகும் என்றேன். சாம்பல் முதலிலிருந்தே அடக்கமாக இருந்தது. ஆக, சத்தத்தைப் பொறுத்தவரை எதை வாங்கினாலும் அத்தாவுக்குப் பாதகமில்லை.

அடுத்தது நிறம். ஷாஹீதா விவரமாகத்தான் வந்திருந்தாள். அவனியாபுரத்தில் ஒரு காதுகுத்துக்காகப் போட்ட பேனரின் ஓரத்துண்டு அவள் பையில் இருந்தது. அந்த டிசைன் பென்டிரைவில். இரண்டு லேப்டாப்பிலும் அதைத் திறந்து நடுவில் துண்டை வைத்தாள்.

கறுப்பில் துண்டும் திரையும் அச்சு அசலாக இருந்தன. சாம்பலில் தாய்மாமன் முகம் மஞ்சள் பூசியதுபோல இருந்தது. அத்தையின் சேலை தீப்பிடித்து எரிந்தது.

"என்னண்ணே, உள்ளபடி காட்டும்னீங்க? இது பொய் சொல்லுது" என்றாள்.

சத்தியசீலனுக்கே குழப்பம். திரை அமைப்பை மாற்றிப் பார்த்தார், இன்னொரு சாம்பலை எடுத்துவந்து திறந்தார். அதிலும் சேலை எரிந்தது.

சாஜித் போனில், "நான்தான் சொன்னேன்ல? கறுப்ப எடு" என்றான். அவனுக்கு விளையாட்டின் பக்கம் சாய்வு என்பது தெரிந்ததுதான். ஆனால் இப்போது நிறமும் அவன் பக்கம் நின்றது. எனக்கும் சந்தேகம் எதுவும் வரவில்லை. கண்ணுக்கு எதிரில் துண்டு இருக்கிறதே.

பில் போடச் சொல்லிவிட்டு ஷாஹீதா மருதுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒங்க மெஷின்ல வர்ற கலரு இந்த லேப்டாப்புல அப்படியே வருது. இதையே எடுத்துர்றேன்."

"எத வச்சுப் பாத்த?" ஸ்பீக்கரில் மருதுவின் குரல்.

"அவனியாபுரம் காதுகுத்து."

அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு மருது, "அது ஒன் ஃபைலு கலரு இல்லையே தாயி. நான்ல கொறச்சு ஓட்டுனேன்" என்றார்.

"கொறச்சா? எம்புட்டு?"

"எப்பவும் கொறைக்கிற அளவுதான்."

"எப்பவுமா?"

"நீ வீட்டுக்குப் போனதுல இருந்து ஒன் ஃபைலு எல்லாம் தீயாத்தான வருது. அந்த மானிட்டரு மங்கிப்போனது. அதுல நல்லாத் தெரியணும்னு நீ கலர ஏத்தி ஏத்தி வச்சிருப்ப. அதான் ஒன் பேருல ஒரு செட்டிங் போட்டு வச்சிருக்கேன். ஃபைலு வந்தா அதுல தள்ளிவிட்டுருவேன்."

"ஏண்ணே, ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"ஓசில ஒரு மானிட்டரக் கொடுத்துட்டு, அது மங்கல்னு எந்த வாயால சொல்றது? நமக்கே கேவலமா இருக்காதா?"

ஷாஹீதா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு உடனே புரிந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவி ஒரு டிகிரி குறைத்துக் காட்டினால், அதை நம்பிய வீட்டில் காய்ச்சல்காரனும் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். மங்கிய மானிட்டரை நம்பி அவள் நிறத்தை ஏற்றினாள். மருது சத்தமில்லாமல் இறக்கினார். பேனர் சரியாக வந்தது. திருமங்கலத்தில் இறக்க ஆளில்லை, அதனால் பச்சை கிளியாகிவிட்டது. இன்று சாம்பல் திரை உள்ளதைக் காட்டியிருக்கிறது. கறுப்புத் திரையோ அந்தப் பழைய மானிட்டரைப் போலவே மங்கல். கறுப்பை வாங்கியிருந்தால் கிளமெண்டின் இரண்டாவது பத்திரிகையும் கிளிதான்.

"அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு?" என்று போனில் கேட்டாள்.

"கண்ணுக்கு என்ன கேடு? அந்த மங்கல்லயே இம்புட்டு வேலை பாத்திருக்க."

பில் போடுவதை நிறுத்தச் சொன்னோம். ஆனால் பேச்சை மட்டும் நம்பி வாங்க எனக்கு இஷ்டமில்லை, அவளுக்கும்தான். சத்தியசீலன் டிசைன் மென்பொருளைச் சாம்பலில் ஏற்றித் தந்தார். அவள் பென்டிரைவில் இருந்த கிளமெண்டின் புதுப் பத்திரிகையைத் திறந்து, அந்தத் திரையைப் பார்த்தே நிறத்தை இறக்கினாள். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு வேகம் பிடித்தது. மருதுவுக்கு அனுப்பி, "எதையும் கொறைக்காம, வந்தது வந்தபடி ஒரு துண்டு ஓட்டுங்கண்ணே" என்றாள்.

டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்து முடித்துச் சிறிது நேரத்தில் மருதுவே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மை வாடை போகாத துண்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. துண்டை விரித்துச் சாம்பல் திரையோரம் பிடித்தார்கள். இதற்கும் கேட்டிருந்த கரும்பச்சை கரும்பச்சையாகவே இருந்தது. கடைவாசல் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தாள், அங்கும் அப்படியே.

"இதத்தான் எடுக்குறேன்" என்றாள்.

மறுபடி போனில் வந்த சாஜித்துக்குத்தான் மனசில்லை. "அதுல கேமு திணறும்."

"புல்லு, பூண்டெல்லாம் கொஞ்சம் மங்கலா வைக்கணும் சார், மத்தபடி ஓடும்" என்றார் சத்தியசீலன்.

"புல்லப் பாக்கவா நான் ஆடுறேன்?" என்று ஷாஹீதா கேட்டதும் அவன் சிரித்துவிட்டான். மருதுவும் சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கால்மாட்டு மேசையில் சாம்பல் லேப்டாப் ஓடியது. நான் அத்தாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொத்தான் பக்கம் போகவில்லை. மகள் "டேய், ஓடுடா!" என்று கத்தியபோதும் தூக்கம் கலையவில்லை. மனிதக் குரலுக்கு அவர் பயப்படுவதில்லை.

பத்திரிகை அச்சாகி, கிளமெண்ட் கூப்பிட்டபோது ஷாஹீதா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏம்மா, இந்தத் தடவ வேற யார்கிட்டயாவது கொடுத்துச் செஞ்சியா?"

"நான்தான் சார் செஞ்சேன்."

"நம்ப முடியலையே. பொண்ணு வீட்ல வந்து தடவித் தடவிப் பாக்குறாங்க."

"மானிட்டரு கோளாறு சார். இப்ப மாத்திட்டேன்."

"அத அப்பவே சொல்லியிருந்தா நான் அந்த வார்த்த சொல்லியிருக்க மாட்டேனே. சரி, எழுமலைல ஒரு கல்யாணம், இங்கேயே ரெண்டு. அனுப்பவா? இனிமே மாசாமாசம் வரும், பாத்துக்க."

"அனுப்புங்க சார்" என்றாள். போனை நான்தான் அணைத்தேன்.

அடுத்து மருதுவைக் கூப்பிடச் சொன்னாள்.

"அண்ணே, அந்த சீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

"கெடச்சுருச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு தாயி. என் பேனரையாவது செய்வியா, பெரிய ஆளாயிட்டியா?"

"செய்வேன். என் பேருல போட்டு வச்சிருக்க செட்டிங்க மொதல்ல அழிங்க."

"நேத்துத்தான் அழிச்சேன். அதுக்கு முன்னாடி மறந்துபோயி ஒன் புது ஃபைலு ஒண்ண அதுல ஓட்டிட்டேன். மாப்பிள்ளை வெளிறிப்போயி மூணு நாளு பட்டினி கெடந்தவன் மாதிரி வந்துட்டான்."

அவள் சிரித்த சிரிப்பில் அத்தா கண் விழித்து, பாதி வார்த்தையில் எங்கள் இருவரையும் திட்டினார். ஷாஹீதா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வாயத் தொறங்கத்தா" என்றாள். திறந்தார். அன்று கஞ்சி மிச்சமில்லை.