ஐந்து மாதமாக நான் விழுங்கிய மாத்திரை

மனநலப் பிரிவின் நடைவழியில் சுவரோடு ஆறு பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. கடைசி இரண்டில் நானும் முசியே சவரிநாதனும் காத்திருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தவை தட்டு, கோப்பை, சுடுதண்ணீர், கெதியாக. அவ்வளவுதான்.

சவரிநாதன் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அகதிகளுக்கு உதவும் ஒரு சங்கம் அவரை எனக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்பியிருந்தது. டை கட்டி வந்திருந்தார். நான் பயந்திருப்பதைப் பார்த்து ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியைத் தந்தார்.

நான் எதற்காக அங்கே போனேன் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். பிறந்தபோது என்னை ஆண் என்று பதிந்தார்கள். நான் பெண். குரல் உடைந்த வருடம் ஒரு மாதம் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தேன். தொண்டையில் புண் என்று நினைத்து அம்மா உப்புத்தண்ணீரில் கொப்பளிக்க வைத்தார். முதல் அறிகுறி எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இது நோயல்ல என்று இப்போது சொல்கிறார்கள். அன்று, நோய்தான் என்று ஒரு மனநல மருத்துவர் எழுதித் தந்தால்தான் ஹார்மோன் சிகிச்சைக்கு (உடலைப் பெண்ணுடலாக மாற்றும் சுரப்பு மருந்துக்கு) வழி திறக்கும். இதை எனக்குச் சைகையாலும் படம் வரைந்தும் சொன்னவள், மெத்ரோவில் பழக்கமான, என்னைப் போன்ற ஒரு பிரேசில்காரி. ஆஸ்பத்திரியின் பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்ததும் அவள்தான்.

மருத்துவர் மெலிந்த மனிதர். ஆண்களை அழைக்கும் முசியே என்ற சொல்லால் என்னை அழைத்து உட்காரச் சொன்னார். நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைத் தமிழில் சொன்னேன்.

"நான் பொம்பிளை. சின்னனிலையிருந்தே அப்பிடித்தான். இந்த உடம்போடை என்னாலை இருக்கேலாது. மருந்து வேணும்."

சவரிநாதன் டையைச் சரி செய்தார். பிறகு நான் சொன்னதைவிட நீளமாக பிரெஞ்சில் பேசினார். "கெர்" என்ற சொல் இரண்டு தடவை வந்தது. அதை ஏதோ மருத்துவச் சொல் என்று நினைத்தேன். மருத்துவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். என் வாழ்க்கையில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

வெளியே வந்ததும் சவரிநாதன் சொன்னார்: "இது முதல் படி தம்பி. உடம்பைத் தயார் பண்ற மாத்திரை. ஒழுங்கா சாப்பிடு. போகப்போக எல்லாம் சரியாயிடும்."

ஒழுங்காகச் சாப்பிட்டேன். வாய் வறண்டது. எழும்ப முடியாமல் நித்திரை வந்தது. இடுப்பில் சதை வைத்தது. அதைப் பெண்ணிடுப்பு என்று நம்பினேன். பாரிசில் தமிழர் கூடும் லா சப்பலில் அண்ணனோடும் வேறு இருவரோடும் ஒரே அறையில் இருந்ததால், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியில் நெஞ்சைப் பார்ப்பேன். ஒவ்வொரு மாதமும் சவரிநாதனோடு மருத்துவரிடம் போவேன். "நல்ல முன்னேற்றமாம்," என்பார் அவர்.

ஐந்தாவது மாதம், ரெஸ்ரோரண்டில் என்னோடு கோப்பை கழுவிய பத்திஹா என் பையிலிருந்து விழுந்த மாத்திரைப் பெட்டியை எடுத்தாள். அல்ஜீரியப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அதற்குள் எனக்கும் ஓரளவு பிரெஞ்சு புரியத் தொடங்கியிருந்தது.

"என் அம்மாவும் இதைத்தான் எடுக்கிறாள்," என்றாள்.

"உன் அம்மாவா? ஏன்?"

"அப்பா செத்த பிறகு எழும்பாமல் கிடந்தாள். சோகத்துக்கான மாத்திரை இது. உனக்கு யார் செத்தது?"

அன்றுதான் அவளிடம் கேட்டேன், கெர் என்றால் என்ன என்று. யுத்தம் என்றாள்.

அடுத்த ஞாயிறு பாரிசின் புறநகரான சார்செலில் சவரிநாதனின் வீட்டுக்குப் போனேன். அவர் அப்போதுதான் மாதாகோயிலில் பூசை முடிந்து வந்திருந்தார். கோப்பி ஊற்றித் தந்தார். நான் பெட்டியை மேசையில் வைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"தொக்தருக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஊர்ல சண்டை, தூக்கம் வரல, மனசு உடைஞ்சு போச்சுன்னு சொன்னேன். அது பொய்யா?"

"நான் அதைச் சொல்லேல்லை."

"நீ சொன்னதை நான் எப்படிச் சொல்றது தம்பி? கோயில்ல வாசகம் படிக்கிறவன் நான். அந்த வார்த்தை என் வாயில வராது. அதோட இங்க தங்குறதுக்கான பப்பியே உனக்கு இன்னும் வரல. இதெல்லாம் ஃபைல்ல ஏறினா உன்னைத் திருப்பி அனுப்பிடுவான். உன்னைக் காப்பாத்தினேன்னுதான் நினைச்சேன்."

அதில் அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே என்னைக் காப்பாற்றியதாகத்தான் நம்பினார். அதனால்தான் இன்றுவரை அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வேண்டுமென்று கெடுத்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

பிறகு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பத்திஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்தாள். "எனக்கு இது விளங்கவில்லை. ஆனால் பிரெஞ்சு பிழையில்லாமல் இருக்க வேண்டும்," என்றாள்.

தமிழில் "நான் களைத்துப்போனேன்" என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. அந்தச் சொல்லுக்குள் நான் அவ்வளவு காலம் ஒளிந்திருந்தேன் என்பது பிரெஞ்சு படித்தபோதுதான் தெரிந்தது. அந்த மொழியில் சில சொற்களுக்கு ஆணுக்கு ஒரு முடிவு, பெண்ணுக்கு ஒரு முடிவு. வாயைத் திறந்தால் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய பன்னிரண்டு வாக்கியங்களையும் பெண் முடிவோடு மனப்பாடம் செய்தேன்.

தனியாகப் போனேன். "நான் மகிழ்ச்சியாக இல்லை," என்று தொடங்கினேன். மருத்துவர் தலை நிமிராமலே, கனிவாக, அந்தச் சொல்லின் ஆண் வடிவத்தைச் சொல்லித் திருத்தினார்.

"நான் பிழையாகச் சொல்லவில்லை, தொக்தர்," என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். நான் மீதிப் பதினொரு வாக்கியங்களையும் சொன்னேன். அவர் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அங்கே யுத்தத்தால் மனமுடைந்த ஓர் இளைஞன் இருந்தான்.

"இரண்டு வருடம் உங்களைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹார்மோன் பற்றிப் பேசலாம்," என்றார்.

"போன ஐந்து மாதம்?"

"அப்போது நீங்கள் இதைச் சொல்லவில்லையே."

உங்களில் யாராவது வேறொருவர் வாய் வழியாக மருத்துவரிடம் பேச வேண்டியிருந்தால், ஒன்று மட்டும் செய்யுங்கள். கையில் கிடைக்கும் மருந்தின் பெயரை இன்னொருவரிடமும் காட்டிக் கேளுங்கள். எனக்கு அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் குடும்பத்தில் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். எனக்கு அங்கே இருந்தது என் அண்ணன் குணம் மட்டும். என்னைப் பாரிசுக்கு எடுத்ததும் அவர்தான். அறையில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். சட்டைக்கு அயன் பண்ணிக்கொண்டே கேட்டார். நிறுத்தவில்லை.

"அம்மாவுக்கு நான் என்னத்தை எழுதுறது?"

"உள்ளதை எழுதுங்கோ அண்ணை."

"ஓம். நீ கனடாவுக்குப் போட்டாய், விலாசம் தெரியாதெண்டு எழுதுறன்."

சொன்னபடியே எழுதினார். அந்த மாதமே பாரிசுக்கு வெளியே ஸ்தேனுக்கு வீடு மாறினார். அம்மாவின் கடிதங்கள் அவர் விலாசத்துக்குப் போயின. ஒன்றும் என் கைக்கு வரவில்லை. என் கோப்பில் "குடும்ப ஆதரவு இல்லை" என்று ஒரு வரி ஏறியது. அதன் பேரில் இன்னும் நாலு மாதம் கவனித்தார்கள்.

கடைசியில் என்னை எண்டோகிரினோலொக் என்ற சுரப்பி மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் மருத்துவர் சுருக்கமாகப் பேசினார். குரல் இனி மாறாது. பிள்ளை பெற முடியாது. சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தேன். இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் (ஈரல் புண்பட்டால் இரத்தத்தில் கசியும் பொருட்கள்) கூடியிருந்தன.

"முன்பு எடுத்த மாத்திரையாலா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. சிறுவயதில் மஞ்சட்காமாலை வந்ததா?"

வந்தது. மறுபடி ஆறு மாதக் காத்திருப்பு. நொதிகள் இறங்கிய பிறகும் ஹார்மோன் மாத்திரை ஈரலுக்குப் பாரம் என்று, தோலில் பூசும் ஜெல் எழுதித் தந்தார். தினமும் காலையில் இரண்டு கைகளிலும் பூசி, காயும் வரை சட்டை போடாமல் நிற்க வேண்டும். மருந்து என்று நம்ப முடியாதபடி அது தண்ணீர் போலிருந்தது. முதல் நாள், பெட்டியில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்த பிறகுதான் பூசினேன்.

மூன்றாம் மாதம், கழுவிய தட்டுகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியபோது முலைக்காம்புக்குக் கீழே சுரீரென்று வலித்தது. தொட்டுப் பார்த்தால் கடலையளவு ஒரு கட்டி. புற்றுநோய் என்று நினைத்தேன். இவ்வளவு காலம் காத்திருந்தது இதற்குத்தானா என்று நினைத்தபடியே சுரப்பி மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "மார்பு அரும்புகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் பெண்பிள்ளைகளுக்கு இப்படித்தான் வலிக்கும்."

"வளர எவ்வளவு காலம்?"

"இரண்டு, மூன்று வருடம். அவர்களுக்கும் அவ்வளவு காலம்தான் எடுக்கும்."

ஒரு மருத்துவர் சொன்ன வருடக் கணக்கு எனக்குக் கோபம் தராமல் போனது அதுவே முதல் தடவை. எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளையின் உடம்பு மாறினால் மாமி தண்ணீர் வார்ப்பார், அம்மா புதுச் சட்டை தைப்பார், தெரு முழுவதற்கும் சொல்வார்கள். நான் இருபத்தொன்பது வயதில், கனடாவில் எங்கேயோ தொலைந்துபோன மகனாக இருந்தேன். சொல்ல யாருமில்லை. பின்னேரம் வேலைக்குப் போனேன். தட்டுகளை வயிற்றோடு அணைத்துத் தூக்கினேன்.