ட்ரெட்மில்லில் ஏறிய சம்பந்தம்

ஜிம் துடைக்கிற வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: சனம் மணிக்கணக்காக ஓடும், ஒருவரும் எங்கேயும் போய்ச் சேர மாட்டார்கள், துடைக்கிற நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

வாய் சும்மா இருந்திருக்கலாம்

யூரோ வந்து சில வருஷங்கள். ஜேர்மனியின் எசன் நகரில் எங்கள் ஜிம்முக்கு வருகிற டீட்டர் ஓடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். தான் செய்த சின்ன விசிறி வண்டி, மோட்டார் இல்லாமல், முதுகில் அடிக்கிற காற்றாலேயே ஓடி அந்தக் காற்றையே முந்தும் என்றார். அதைக் கொண்டுபோய் மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை வீட்டில் சொன்னேன். ரைன் ஆற்றில் முதலை கண்டேன் என்று நான் விட்ட கதைக்குச் சிரித்த மாப்பிள்ளையின் தகப்பன், ஊரில் பௌதிகம் படிப்பித்த மாஸ்டர், இதற்குத் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

“முதலையைப் பொறுக்கலாம் அண்ணை. படிப்பிச்ச என்னட்டையே இப்பிடிப் புளுகினால், பிள்ளையைப் பற்றிச் சொன்னதுகளை நான் எப்பிடி நம்புறது?”

நிலம் ஓடட்டும்

மகள் என்னோடு பேசவில்லை. டீட்டரைப் பிடித்தேன். வண்டி காற்றின் வேகத்தைத் தொட்டதும் காற்றால் அதைத் தள்ள முடியாதே என்று கேட்டேன். அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்களாம்: விசிறியைச் சுற்றுவது காற்றல்ல, சக்கரம். நிலத்தில் உருளும் சக்கரம் விசிறியைச் சுழற்ற, விசிறி காற்றைப் பின்னுக்குத் தள்ள, வண்டி முன்னுக்குப் போகும். அதைக் காட்ட வெளியே புயல் தேவையில்லை, ஜிம்மின் ட்ரெட்மில் போதும் என்றார்.

“ட்ரெட்மில்லில் ஓடுகிற பட்டிதான் நிலம். அது பின்னுக்கு ஓடினால், அறையில் அசையாமல் நிற்கிற காற்றே பட்டிக்குப் பின்காற்று. ஆகவே வண்டி ஒரே இடத்தில் நின்றால் காற்றின் வேகம், முன்னேறினால் காற்றை முந்திவிட்டது. நீங்கள் ஜன்னலைச் சாத்துங்கள்.”

மாஸ்டர் சப்பாத்தைக் கழற்றினார்

நேரில் வந்து பாருங்கோ என்று நான் கூப்பிட, ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கோட்டும் சூட்டுமாக ஜிம்முக்கு வந்தார். துடைத்த தரை, சப்பாத்தைக் கழற்ற வைத்தேன். அந்தளவு சந்தோஷமாவது வேண்டாமா? வண்டியைக் கவிழ்த்து பற்றரி தேடினார், நூல் தேடினார். டீட்டர் ஓடுகிற பட்டியில் வண்டியைப் பிடித்து, விசிறி வேகம் எடுத்ததும் விட்டார். அது கொஞ்சம் பின்னுக்குச் சறுக்கியது. மகளின் தாலியே சறுக்குகிற மாதிரி இருந்தது எனக்கு. பிறகு நின்றது. பிறகு மெல்ல மெல்ல முன்னுக்கு ஊர்ந்து, முன்சட்டத்தில் முட்டியது. மாஸ்டர் தானே திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் முட்டியது. அவர் வாங்குப் பலகையில் அமர்ந்து சப்பாத்தைப் போட்டபடி சொன்னார்:

“கலியாணத்துக்கு நாள் பாருங்கோ அண்ணை. ஆனால் மண்டபத்திலை இந்தக் கதையை எடுக்காதேங்கோ, என்ரை கண்ணாலை கண்டனான் எண்டால் என்னையும் புளுகன் எண்டுவாங்கள்.”

ஆயுள் முழுக்க நான் அவிழ்த்துவிட்ட பொய்களை ஒருவரும் சோதிக்கவில்லை. தப்பித் தவறிச் சொன்ன ஒரு உண்மைக்குத்தான் மின்சாரமும் சாட்சியும் தேவைப்பட்டன.